கழித்துவிட்ட பனி

ஜூன் 4

அன்புள்ள அண்ணா,

போன் எடுக்க மாட்டீர்கள் என்று தெரியும். கடிதம் என்றால் கிழிப்பதற்குள் இரண்டு வரியாவது கண்ணில் பட்டுவிடும். கேட்க வேண்டியதை அந்த இரண்டு வரிக்குள்ளேயே கேட்டுவிடுகிறேன். மலையில் நாம் நட்ட ஏழு கோல்களையும் இந்தக் கோடையில் அளந்து சொல்வீர்களா?

கிழிக்கவில்லை என்றால் மேலே படியுங்கள்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நீங்களும் அண்ணியும் நானும் மூச்சிரைக்க ஏறிப்போய், பனிப்பாறையில் துளை போட்டு நட்ட அலுமினியக் கோல்கள் அவை. பனி உருக உருகக் கோல் வெளியே வரும். எவ்வளவு வெளியே வந்ததோ அவ்வளவு பனி போயிற்று. நீங்கள் அளந்து சொல்ல, அண்ணி தன் குண்டுக் கையெழுத்தில் எழுத, மாதம் ஒரு தபால் அட்டை என் மேசைக்கு வரும். இரண்டு கோடை அது வரவில்லை. இது மூன்றாவது. ஏன் என்று கேட்க எனக்கு வாய் கிடையாது.

எதற்கு வேண்டும் என்று நீங்கள் வகுப்பில் சொல்லும் உதாரணத்தை வைத்தே சொல்கிறேன். பஸ்ஸில் பருமனான ஆள் எழுந்து இறங்கிவிட்டால், அவர் உட்கார்ந்திருந்த ஸ்பாஞ்ச் இருக்கை மெதுவாக மேலே வரும். மலைக்கும் அப்படித்தான். தலையில் உட்கார்ந்திருந்த பனி உருகினால் நிலம் கொஞ்சம் உயரும். அதில் ஆபத்து இல்லை. ஆனால் அடியிலிருந்து எரிகுழம்பு முட்டினாலும் நிலம் உயரும். என் கருவி உயர்ந்தது என்று மட்டும்தான் சொல்லும், எதனால் என்று சொல்லாது. மூன்று வருடத்துக்கு முன் முதல் வகையை இரண்டாவது என்று நினைத்து ஊரையே காலி செய்ய வைத்தேன். அதற்குப் பிறகு நடந்ததை எழுதப் பேனா வரவில்லை.

விசாரணைக் குழு அப்போது ஒரு விதி போட்டது: பனியின் பங்கை முதலில் கழி, மீதியை மட்டும் பார். கோல் கணக்கு வராததால், வந்துகொண்டிருந்த எட்டு கோடைகளின் சராசரியை எடுத்துக் கழித்துக்கொண்டிருக்கிறேன். சராசரியை விட உங்கள் டேப்பை நான் அதிகம் நம்புவேன்.

அன்புடன்,
பல்லி

(சுவரேறிய காலத்தில் நீங்கள் வைத்த பெயர். வேறு பெயரில் கையெழுத்துப் போட்டால் யாரோ என்று நினைத்துவிடுவீர்கள்.)


ஜூன் 17

எரிமலைக் கண்காணிப்பு நிலைய அதிகாரி அவர்களுக்கு,

பொருள்: பனி அளவுகோல்கள்.
பார்வை: தங்கள் ஜூன் 4 தேதியிட்ட கடிதம்.

ஒன்று. மேற்படி கோல்களை அளப்பவர் இருவர். அதில் ஒருவர் இப்போது இல்லை. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும் என்பது ஐந்தாம் வகுப்புப் பாடம்.

இரண்டு. இறந்துபோனவர் சாகும்போது வீட்டில் இல்லை. பக்கத்து ஊர் விளையாட்டு அரங்கில், ஈரக் கம்பளி நாற்றத்தில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே போட்ட கட்டிலில் இருந்தார். நெஞ்சில் சளி கட்டி ஒன்பதாம் நாள் போனார். பதினோராம் நாள் எல்லோரும் வீட்டுக்குத் திரும்பலாம் என்று தங்கள் அலுவலகம் அறிவித்தது. மலை இருந்த இடத்தில் இருந்தது.

மூன்று. இந்த ஊரில் எல்லோரும் நலம். கோடைதான் சரியில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஆற்றோரத் தெரு


ஜூன் 29

அன்புள்ள அண்ணா,

பொருள், பார்வை எல்லாம் போட்டு எழுதியிருந்தீர்கள். படித்துச் சிரித்தேன், பிறகு கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். பக்கத்து மேசைக்காரர், "என்ன மேடம், ஊர்ல இருந்து நல்ல செய்தியா?" என்றார். ஆமாம் என்றேன்.

அண்ணியைப் பற்றி நான் என்ன எழுதினாலும் அது எனக்கு ஆறுதலாகத்தான் இருக்கும், உங்களுக்கு இருக்காது. ஆனால் ஒன்றே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த வருடம் நிலம் உயர்ந்தபோது நான்கு நாள் உங்கள் ஆகஸ்ட் அட்டைக்காகக் காத்திருந்தேன். பனி எக்கச்சக்கமாக உருகியிருந்தால் அட்டையில் தெரியுமே, உயர்வுக்குக் காரணம் அதுதான் என்று ஆகுமே என்று. அட்டை வரவில்லை. தபாலில் தொலைந்திருக்கும். ஐந்தாம் நாள் எச்சரிக்கையில் கையெழுத்துப் போட்டேன். தபால்காரரைக் குறை சொல்லவில்லை. கை என்னுடையது.

நம் மலையைப் பற்றிப் பயப்பட ஒன்றுமில்லை. மே மாதத்திலிருந்து இருபத்தெட்டு மில்லிமீட்டர் உயர்ந்திருக்கிறது. பனிக்கு இருபத்தாறு கழித்தேன். மீதி இரண்டு. இரண்டு என்றால் ஒன்றுமே இல்லை. சின்னச் சின்ன அதிர்வுகள் பதிவாகின்றன, அதுவும் பனி விரிசல் விடுவதால் வருவதுதான். போன தடவை அதற்கும் பயந்தேன். இந்தத் தடவை பயப்பட மாட்டேன். யாரையும் வீட்டை விட்டுக் கிளப்ப மாட்டேன். இதை உங்களிடம் சொல்ல வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன்.

கோடை சரியில்லை என்று எழுதியிருந்தீர்கள். போன அக்டோபரில் கடலுக்கு அப்பால் ஒரு பெரிய எரிமலை வெடித்ததே, அதன் வேலைதான். சாம்பல் சீக்கிரம் கீழே விழுந்துவிடும். அதோடு போன கந்தகம்தான் மழை மேகத்துக்கும் மேலே ஏறி, கண்ணுக்குத் தெரியாத துளிகளாக உலகம் முழுக்கச் சுற்றும். வெயிலில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிவிடும். ஓரிரு வருடம் இருக்கும். உலகச் சராசரியில் அரை டிகிரி குறையும் என்கிறார்கள். இங்கே கடலோரத்தில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை, சாயங்காலம் வானம் மட்டும் புண் மாதிரி சிவக்கிறது. அரை டிகிரிக்கு என் கணக்கு ஒன்றும் மாறிவிடாது.

பல்லி


ஜூலை 19

தங்கைக்கு,

தபாலைப் பற்றி நீ எழுதியதற்கு இப்போது பதில் எழுதப் போவதில்லை.

அரை டிகிரி பற்றி எழுதுகிறேன். நாற்பது பேர் இருக்கும் வகுப்பில் சராசரி ஐம்பது மதிப்பெண் என்று வைத்துக்கொள். அதில் ஒரு பிள்ளை தொண்ணூற்றெட்டு, ஒரு பிள்ளை இரண்டு. அந்த இரண்டு வாங்கிய பிள்ளையிடம் போய் நீ ஐம்பது என்றால் அது சந்தோஷப்படும், ஆனால் பாஸ் ஆகாது. எங்கள் ஊர் அந்தப் பிள்ளை. உன் அரை டிகிரி எங்கள் தெருவில் ஐந்து டிகிரியாக இறங்கியிருக்கிறது.

ஜூலை நடுவில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு எழுதுகிறேன். சூரியன் பழைய தகரத் தட்டு மாதிரி வருகிறது, நேராகப் பார்த்தாலும் கண் கூசவில்லை. உன் அண்ணி போட்ட பாத்தியில் இந்த வருடமும் அவரை விதைத்தேன். கொடி ஏறியது, பூக்கவில்லை. உருளைக்கிழங்கு அழுகிவிட்டது. பேக்கரிக்காரர் பாதி ரொட்டிதான் போடுகிறார், மாவு வரவில்லையாம். "வாத்தியாரே, யாரோ எங்கேயோ அடுப்பு பத்த வெச்சதுக்கு என் அடுப்பு அணையுது பாருங்க" என்றார். அந்த மனிதர் மூன்று வாரம் புத்தகம் படித்தாலும் இவ்வளவு சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்.

இப்போது நான் செய்த காரியத்தைச் சொல்கிறேன். உன் இரண்டாவது கடிதம் வந்து பத்து நாள் அதை மேசையிலேயே வைத்திருந்தேன். கோல்கள் அங்கே இருக்கும்வரை நீ கேட்டுக்கொண்டே இருப்பாய் என்று தோன்றியது. ஏழையும் பிடுங்கிக் கொண்டுவந்து ஆற்றில் போட்டுவிட்டால் உனக்கும் நிம்மதி, எனக்கும் நிம்மதி. நேற்று முன்தினம் விடியற்காலையில் கிளம்பினேன். முட்டி வலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு, கடப்பாரையோடு.

பிடுங்க முடியவில்லை. காரணம் வயது இல்லை. பிடிக்கவே இடமில்லை. வழக்கமாக இந்த நேரத்தில் என் தோள் உயரம் நிற்கும் கோல்கள் சாண் உயரம்தான் வெளியே தெரிந்தன. மூன்றாம் கோலைத் தேடிக் கண்டுபிடிக்கவே அரைமணி நேரம் ஆயிற்று, அதன் சிவப்புத் தொப்பி மட்டும் பனிக்கு மேலே இருந்தது. குளிர்காலப் பனி போட்டது போட்டபடி கிடக்கிறது. ஆற்றிலும் முழங்கால் தண்ணீர்தான்.

நான் அங்கே உட்கார்ந்து கொண்டுபோன ரொட்டியைத் தின்றேன். கை சும்மா இருக்காமல் ஏழையும் அளந்தது. முப்பது வருடம் பிள்ளைகளிடம் "பார்த்தால் எழுது" என்று சொன்ன வாய்க்கு இது தண்டனை. ஒருவனாகவே அளக்க முடிந்தது. இவ்வளவு குட்டையாக இருந்தால் மறுமுனை பிடிக்க ஆள் வேண்டாம்.

பிடுங்க வேண்டும் என்றால் நீயே வந்து பிடுங்கிக்கொள்.

ஒரு சந்தேகம். தப்பாக இருந்தால் விட்டுவிடு. கணக்கு உன்னுடையது, நான் புவியியல் மட்டும் நடத்தியவன். பருமனான ஆள் இன்னும் சீட்டை விட்டு எழுந்திருக்கவே இல்லையே. நீ எதைக் கழித்தாய்?

அண்ணன்


ஜூலை 26, காலை

அண்ணா,

உங்கள் கடிதம் நேற்று மாலை வந்தது. நின்றுகொண்டே படித்தேன், கடைசி வரியில் உட்கார்ந்துவிட்டேன்.

பத்தொன்பது தடவை போன் செய்துவிட்டேன். எடுக்கவில்லை. மருந்துக்கடைக்காரருக்குச் செய்தேன், "வாத்தியார் உங்க நம்பரப் பாத்தா போனைத் தலையணைக்கு அடியில வெச்சுடுவாரும்மா" என்றார். அதனால் இதைத் தபால் வேன் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர் நிற்பார். படித்துவிட்டு அவர் கையிலேயே பதில் கொடுங்கள்.

உருகாத பனியை நான் கழித்திருக்கிறேன். எழுந்திருக்காத ஆளுக்காக இருபத்தாறு. உங்கள் சாண் கணக்கைத் தோராயமாகப் போட்டால் பனியின் பங்கு இரண்டோ மூன்றோதான். மீதி இருபத்தைந்து மில்லிமீட்டரும் அடியிலிருந்து வந்தது. இப்போது அது முப்பத்தொன்று. பனி விரிசல் என்று நான் தள்ளிவைத்த அதிர்வுகளையும் எடுத்துப் பார்த்தேன். உருகாத பனி எங்கே விரிசல் விடும்? போன வாரம் வரை நாளைக்குப் பன்னிரண்டு. நேற்று நூற்றுப் பத்து.

எங்கோ வெடித்த மலை நம் கோடையைக் குளிரவைத்தது. அந்தக் குளிர் நம் மலையை என் கண்ணிலிருந்து மறைத்தது. அரை டிகிரி என்று எழுதினேனே, அந்த வரியை அடித்துவிடுங்கள்.

குழுவிடம் போனேன். "போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க" என்றார் தலைவர். பிறகு, "அளந்தவர் கையெழுத்தோட கோல் கணக்கு குடுங்க, உத்தரவு போடறோம். உங்க தோராயத்துல போட முடியாது" என்றார். அவர் மேல் தப்பில்லை. நான் ஒரு தடவை அவருடைய இடத்தில் இருந்து அவசரப்பட்டவள்.

படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஏழு எண், தேதி, கையெழுத்து. கொடுத்துவிட்டு அதே வேனில் ஏறி வந்துவிடுங்கள். டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணா, வீட்டைப் பூட்டக்கூட வேண்டாம்.

பல்லி


ஜூலை 27

பல்லிக்கு,

டிரைவர் வாசலில் என்ஜினை அணைக்காமல் நிற்கிறார். சுருக்கமாக எழுதுகிறேன்.

படிவம் இதோடு இருக்கிறது. ஜூலை 17 அன்று அளந்தது: 22, 19, 4, 25, 21, 17, 20. எல்லாம் சென்டிமீட்டர். கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நேற்று கடைசியில் போனை எடுத்து நான்கு நிமிடம் பேசினோம், அதில் மூன்று நிமிடம் நான் திட்டினேன். அந்த நேரத்தில் எண்களையே படித்திருக்கலாம். ஆனால் உங்கள் குழுவுக்குக் காதில் கேட்டது போதாதாம், மை வேண்டுமாம்.

நான் வேனில் வரப்போவதில்லை. கோபித்துக்கொள்ளாதே, வீம்பு இல்லை. உன் அண்ணி போனபிறகு ஊர்க் கூட்டத்தில் நான் மைக்கைப் பிடித்துப் பேசியது உன் காதுக்கு வந்திருக்கும். "என் தங்கச்சி ஒரு கோட்டைப் பாத்துப் பயந்தா, என் மனைவி செத்தா. இனிமே எவன் சொன்னாலும் வீட்டை விட்டுப் போகாதீங்க." கைதட்டினார்கள். பாடம் நடத்திய காலத்தில்கூட எனக்கு யாரும் கைதட்டியதில்லை. நடத்தியதில் பாதியை மறந்த ஊர், இதை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறது.

நேற்றிலிருந்து வீடு வீடாகப் போகிறேன். மருந்துக்கடைக்காரர் கிளம்பிவிட்டார். எதிர்வீட்டு அம்மா, "வாத்தியாரே சொல்றாருன்னா விஷயம் இருக்கு" என்று மூட்டை கட்டுகிறார். பேக்கரிக்காரர்தான் மாவுக் கையோடு கதவில் சாய்ந்து நின்றார்.

"சார், நீங்கதானே அன்னிக்குச் சொன்னீங்க?"

"சொன்னேன். தப்பாச் சொன்னேன்."

"அப்ப தப்பாச் சொன்னவரு இப்ப மட்டும் எப்படிச் சரியாச் சொல்றீங்க?"

"கோலை அளந்து பாத்தேன்யா."

"போங்க சார். போன தடவை கிளம்பினதுல உங்க வீட்டம்மா போனாங்க. என் பொண்டாட்டிக்கும் அதே இளைப்புதான். இவளை அந்த அரங்கத்துல போய்ப் படுக்க வைக்க மாட்டேன்."

அவருக்கு என்ன பதில் சொல்வது என்று நீ யோசித்து எழுது. எனக்குத் தெரியவில்லை. நாளைக்கு மறுபடியும் போவேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 8

அன்புள்ள அண்ணா,

அரங்கத்தின் பட்டியலில் "ஆசிரியர், ஓய்வு, ஒருவர், காயமில்லை" என்று இருந்தது. அந்தத் தாளைத் தொலைநகலில் எடுத்துக் கைப்பையில் வைத்திருக்கிறேன். அரைமணிக்கொரு தடவை எடுத்துப் பார்க்கிறேன்.

உத்தரவு 29ஆம் தேதி மதியம் வந்தது. மலை 31ஆம் தேதி காலை ஏழே காலுக்கு வெடித்தது. பனிக்கு அடியில் வெடித்ததால் இத்தனை வருடமாக உருகாமல் மிச்சமிருந்ததும் இந்தக் குளிரில் சேர்ந்ததும் ஒரே மணிநேரத்தில் சேறாக இறங்கியிருக்கிறது. ஆற்றோரத் தெருவை மேலிருந்து எடுத்த படத்தில் தேடினேன். ஆறு தெரிகிறது. தெரு தெரியவில்லை.

நாலாயிரத்து இருநூறு பேர் வெளியே வந்துவிட்டார்கள், பதினோரு பேர் வரவில்லை என்று இங்கே சொல்கிறார்கள். எனக்குப் பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். மேசையில் கவிழ்த்து வைத்திருக்கிறேன். மீதி இரண்டு என்று எழுதிய ஜூன் மாதத் தாளையும் அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

ஒருவர் கேட்டார்: "இத்தனை வருஷமா பனி கொறைஞ்சுக்கிட்டே வந்ததாலதான் மலை வெடிச்சுதா?" தெரியாது என்றேன். குக்கர் மேலிருக்கும் வெயிட்டை மெல்ல மெல்ல எடுத்தால் உள்ளே இருப்பது பொங்கத்தான் பார்க்கும். பழைய காலத்தில் பனி விலகிய இடங்களில் எரிமலைகள் அதிகம் வெடித்திருக்கின்றன. ஆனால் அது ஆயிரம் வருடக் கணக்கு. நம் மலை இந்த வருடம் வெடித்ததற்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு தடவை தெரியாததைத் தெரியும் என்று சொல்லிவிட்டேன், போதும்.

தெரிந்தது ஒன்றுதான். புகை பதினெட்டு கிலோமீட்டர் ஏறியது, கந்தகத்தோடு. அடுத்த கோடையில் எங்கேயோ யாருடைய பாத்தியிலோ அவரை பூக்காது. எங்கேயோ ஒரு அலுவலகத்தில் ஒருத்தி சராசரியைக் கழித்துக்கொண்டிருப்பாள். என்னிடம் இருக்கும் எல்லா முகவரிக்கும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பேக்கரிக்காரருக்கு என்ன சொல்வது என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு நாள் யோசித்தேன். எழுதி முடிப்பதற்குள் வெடித்துவிட்டது. அவர் வந்தாரா?

பல்லி


செப்டம்பர் 3

அன்புள்ள பல்லிக்கு,

வரவில்லை.

முப்பதாம் தேதி சாயங்காலம் கடைசி பஸ்ஸில் ஏறுவதற்கு முன் நான்காவது தடவையாகப் போனேன். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அவர விடுங்க சார், பிடிவாதம். நாங்க மாடியில இருந்துக்கறோம்" என்றாள். இருமிக்கொண்டே சொன்னாள். கிளம்பும்போது அவர் ஒரு ரொட்டியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "அங்க என்ன குடுப்பாங்களோ" என்றார். அதை நான் பஸ்ஸில் தின்றேன். பசித்தது.

அந்தப் பதினோரு பேரில் ஏழு பேர் என்னிடம் படித்தவர்கள். அவர்கள் யார் பேச்சைக் கேட்டு இருந்தார்கள் என்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. தேநீர் கொடுத்து, "வாத்தியார் இல்லைன்னா நாம இல்லை" என்கிறார்கள். பாராட்டுக் கடிதத்தை நீ கவிழ்த்து வைக்கலாம். இவர்களை எப்படிக் கவிழ்த்து வைப்பது?

அதே அரங்கம்தான். அதே கூடைப்பந்து வளையம். கட்டிலை வேறு பக்கம் போடட்டுமா என்று கேட்டார்கள், வேண்டாம் என்றேன். வீட்டிலிருந்து நான் எடுத்து வந்தது கனமான பழைய கோட்டு மட்டும். அதற்கு ஒரு காரணம் உண்டு. நீ ஜூன் மாதம் எழுதியதற்கு அப்போது பதில் எழுதவில்லையே, அதுவும் இதுதான்.

உன் ஆகஸ்ட் அட்டை தபாலில் தொலையவில்லை. அந்த வருடம் ஆகஸ்ட் 11 அன்று இருவரும் ஏறி அளந்தோம். கோல்கள் என் தலைக்கு மேல் நின்றன, ஒன்று சாய்ந்தே விட்டது. உன் அண்ணி எழுதி, முகவரி எழுதி, ஸ்டாம்ப் ஒட்டி, "போற வழியில போட்டுடுங்க, மறந்துடாதீங்க" என்று என் கோட்டுப் பையில் வைத்தாள். நான் மறந்துவிட்டேன். அவ்வளவுதான். பெரிய காரணம் எதுவும் இல்லை. வழியில் ஒருவர் நிறுத்திப் பேசினார், தபால் பெட்டியைத் தாண்டிவிட்டேன்.

அந்தத் தடவை இங்கே வந்து ஏழாம் நாள், மூச்சுத் திணறலுக்கு நடுவில் அவள் கேட்டாள்: "பல்லிக்கு அட்டை போட்டீங்கல்ல?"

"போட்டாச்சு" என்றேன்.

அவள் போனபிறகுதான் பைக்குள் கைவிட்டேன். அதைப் பார்த்த கணத்திலிருந்து எனக்கு யார்மேலாவது கோபப்பட வேண்டியிருந்தது. நீ தூரத்தில் இருந்தாய், சௌகரியமாக இருந்தது. மைக்கைப் பிடித்தேன். பிறகு கோலைத் தொடவே பயமாக இருந்தது. நீ சராசரி போட்டு நிரப்பியது நான் விட்ட ஓட்டையை.

அட்டையை இதோடு வைத்திருக்கிறேன். மடிப்பில் மை கொஞ்சம் கலைந்திருக்கிறது, எண்கள் தெரியும். ஐந்தாவது எண் 231, 281 இல்லை. அவள் எழுதும் மூன்று அப்படித்தான் இருக்கும். அந்த ஆகஸ்டை உன் ஏட்டில் அந்த ஆகஸ்டிலேயே ஏற்றிக்கொள். பிறகு நான் அளக்காமல் விட்ட இரண்டு கோடைகளையும் எதுவும் போட்டு நிரப்பாதே. பின்னால் பார்ப்பவர்களுக்கு அங்கே ஒன்றும் இல்லை என்பது தெரியட்டும்.

நீ என்னை மன்னிக்க வேண்டும் என்று இதை எழுதவில்லை. உனக்கு இது முன்பே தெரிந்திருக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன்.

கோல் நட இனி பனி இல்லை. அரங்கத்தின் காவலாளியிடம் ஒரு வெப்பமானி வாங்கி வடக்குக் கதவில் மாட்டியிருக்கிறேன், வெயில் படாத பக்கம். வெயில் என்று ஒன்று இருந்தால். அடுத்த கோடைக்கு உனக்கு வேண்டியிருக்கும். இனி வாரம் ஒரு அட்டை. எழுதியதும் டிரைவர் கையில் கொடுத்துவிடுவேன், என் பையில் போட மாட்டேன்.

இன்று காலை ஏழு மணிக்கு ஆறு டிகிரி. நேற்றும் ஆறு. முந்தாநாள் பார்க்கவில்லை.

அண்ணன்